முந்தி வந்த செயற்கைக்கோள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் பிரான்ஸின் கிராவ்ஸ் ரேடார் அலை அவற்றில் பட்டுத் திரும்பும் எதிரொலியை, மூன்று ஊர்களில் ரிசீவர் வைத்து நண்பர்கள் பதிவுசெய்கிறோம். பதிவை எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போட்டுப் பார்க்கிறோம். சென்ற வாரம் ஒரு செயற்கைக்கோள் டிஎல்இ தரவு (அதன் பாதையைச் சொல்லும் பொது எண் பட்டியல்) கணித்த நேரத்துக்கு 0.4 விநாடி முன்பே கடந்துவிட்டது. அது எஞ்சினை இயக்கிப் பாதையை மாற்றியிருக்கிறது என்று கொள்ளலாமா? நான்காவது ரிசீவர் வைத்தால் உறுதியாகத் தெரியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொள்ள முடியாது. 0.4 விநாடி என்றால் பாதையில் சுமார் 3 கிலோமீட்டர். டிஎல்இ கணிப்பில் தொடக்கத்திலேயே ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிசகு இருக்கும். தாழ்வான பாதைகளில் ஓரிரு நாளில் அது மூன்று கிலோமீட்டராவது சர்வசாதாரணம்.

தவிர, முந்தி வருவதில் ஒரு சிக்கல் உண்டு. வேகத்தைக் குறைத்தால் பாதை இறங்கும், சுற்று நேரம் குறையும், கலம் முந்திக்கொள்ளும். காற்றின் இழுவையும் அச்சு அசலாக இதையேதான் செய்யும். சூரியப் புயலில் மேல் வளிமண்டலம் உப்பினால், எஞ்சினைத் தொடாத கலங்கள்கூட வரிசையாக முந்தி வரும். ஆகவே அதே உயரத்தில் சுற்றும் மற்றவை அந்த வாரம் எப்படி வந்தன என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் கடிகாரம். மூன்று ரிசீவரிலும் ஒரே 0.4 விநாடி வருகிறதா? ஒன்றில் மட்டும் என்றால் கோளாறு வானத்தில் இல்லை. தரவு கணினிக்குள் வரும் வழியில் தேங்கும் யூஎஸ்பி பஃபர் தாமதம் எதிரொலியைப் பிந்தித்தான் காட்டும், முந்திக் காட்டாது, அதை விட்டுவிடலாம். ஆனால் மணிக்கணக்கில் ஓடும் பதிவில் சாம்பிள்களை (சிக்னலின் அளவீட்டுப் புள்ளிகளை) எண்ணி நேரம் கணிக்கிறீர்கள் என்றால் எச்சரிக்கை. மலிவான டாங்கிளில் (கணினியில் செருகும் ரிசீவர்) கடிகாரமாக இருக்கும் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு மெதுவாக ஓடினால் மணிக்கு 0.07 விநாடி வீதம் எதிரொலி முந்தியதுபோலத் தோன்றும். ஐந்தரை மணி நேரத்தில் உங்கள் 0.4 வந்துவிடும். ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரும் (சீரான அதிர்வு தரும் கருவி), ஜிபிஎஸ் தரும் விநாடிக்கொரு துடிப்பும் மூன்று இடத்திலும் இருந்தாக வேண்டும்.

இதெல்லாம் சரியென்றால், பழைய டிஎல்இ ஒன்றையே மாற்றாமல் வைத்துக்கொண்டு நான்கைந்து நாள் நேர வித்தியாசத்தை வரைபடமாக்குங்கள். உண்மையான விடை இதில்தான் இருக்கிறது. வித்தியாசம் மாறாமல் நின்றால் கடிகாரப் பிழை, அல்லது டிஎல்இயின் தொடக்கப் பிசகு. வளைந்து, நேரத்தின் வர்க்கமாக வளர்ந்தால் இழுவை. ஒரு கணம்வரை ஒழுங்காக இருந்துவிட்டு, பிறகு சட்டென மடிந்து நேர்கோடாக ஏறினால் அது எஞ்சின். பாதையின் திசையில் விநாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகம் மாறினாலே ஒரு நாளில் 2.6 கிலோமீட்டர், அதாவது 0.34 விநாடி தள்ளிவிடும். மடிப்பு விழும் இடம்தான் எஞ்சின் இயங்கிய நேரம். விடாமல் மெல்லத் தள்ளும் மின் எஞ்சின்கள் இந்தச் சோதனையை ஏமாற்றும். அவையும் வளைகோடுதான் தரும். சுற்று நேரம் கூடிக்கொண்டே போனால் மட்டும் இழுவை அல்ல என்று துணிந்து சொல்லலாம்.

உங்கள் எஃப்எஃப்டி முறையையும் மாற்றவேண்டும். கிராவ்ஸ் 143.05 மெகாஹெர்ட்ஸில் பண்பேற்றம் இல்லாமல், அதாவது அலையில் எந்த அடையாளமும் ஏற்றாமல், இடைவிடாது ஒலிபரப்புகிறது. ஆகவே தூரம் கிடைக்காது, டாப்ளர் (கலத்தின் வேகத்தால் எதிரொலியின் அதிர்வெண் மாறும் அளவு) மட்டுமே. கலம் 800 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும்போது டாப்ளர் விநாடிக்கு 60 ஹெர்ட்ஸ் அளவுக்குச் சரியும். ஒரு விநாடி எஃப்எஃப்டி போட்டால் எதிரொலி அறுபது கட்டங்களில் சிதறி இரைச்சலில் கரைந்துபோகும். பல சரிவு மதிப்புகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் சிக்னலின் அதிர்வெண்ணை அதே அளவு எதிர்த்திசையில் நகர்த்திச் சரிவை நீக்கிவிட்டுப் பிறகு எஃப்எஃப்டி எடுங்கள். எந்தச் சரிவில் உச்சம் கூர்மையாகிறதோ அதுவே சரி. அந்தச் சரிவும் ஓர் அளவீடுதான். ஸ்டார்லிங்க் வரிசை கடக்கும்போது எந்த எதிரொலி எந்தக் கலத்துடையது என்று மூன்று ரிசீவருக்கிடையே பொருத்த அதுவே உதவும்.

நான்காவது ரிசீவர், இடத்தைப் பொறுத்தது. பிரான்ஸின் டிஜோன் நகர் அருகிலுள்ள கிராவ்ஸ் ஒலிபரப்பு நிலையமும் உங்கள் மூன்று ஊர்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால், கலம் கோட்டுக்கு இடப்புறம் போனதா வலப்புறமா என்பதை டாப்ளரைக் கொண்டு பிரிக்கவே முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே ஒரு ஆன்டெனா வயலையே விரித்துத் திசையையும் அளக்கிறார்கள். உங்களிடம் அது இல்லை. கோட்டிலிருந்து பக்கவாட்டில் நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் பலன் உண்டு. அதே கோட்டில் இன்னொன்று என்றால் காசுக்குப் பிடித்த கேடு.

முறையைச் சோதிக்க ஐரோப்பாவின் சென்டினல்-3 என்ற புவி நோக்குச் செயற்கைக்கோள்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 814 கிலோமீட்டர் உயரம். 2 மீட்டர் அலைநீளத்துக்குப் போதிய உருவம். சென்டிமீட்டர் துல்லியத்தில் அவற்றின் பாதை வெளியிடப்படுகிறது, எஞ்சின் இயக்கிய நேரங்களும் கிடைக்கும். கியூப்சாட் எனும் சிறு செயற்கைக்கோள்களை நாடாதீர்கள். பத்து சென்டிமீட்டர் பெட்டி இந்த அலைநீளத்தில் எதிரொலிப்பதே இல்லை எனலாம்.