இரவு ஸ்கோப்பும் லேசரும்: வாசகர் கேள்வி-பதில்

டெக்சாஸில் வெயில் ஏற ஏற, காட்டுப்பன்றி பகலில் தலைகாட்டாது. வேட்டை இரவுக்கு மாறிவிடும். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லேசர் பற்றியவை.

என் ரைஃபிளில் நைட் விஷன் ஸ்கோப் இருக்கிறது. கூடவே அகச்சிவப்பு லேசரும் மாட்டினால் குறி இன்னும் துல்லியமாகுமா? (ஆஸ்டின்)

ஆகாது. ஸ்கோப்புக்குள்ளேயே ரெட்டிகிள் (குறி பார்க்கும் கோடு) இருக்கிறது, அதை ஜீரோ செய்து, அதாவது தோட்டா விழும் இடத்தோடு சேரும்படி திருகி, வைத்திருக்கிறீர்கள். இன்னொரு புள்ளியையும் சேர்த்துவிட்டால் அவசரத்தில் எதை நம்புவது என்றே தெரியாது. லேசர் வேறு ஆளுக்கான பொருள். பி.வி.எஸ்.-14 மாதிரி ஒற்றைக்கண் நைட் விஷன் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு நடப்பவரால் கன்னத்தை ஸ்டாக்கில் (ரைஃபிளின் பின்கட்டையில்) பதித்து ஸ்கோப்புக்குள் பார்க்க முடியாது. அவருக்குத்தான் அந்தப் புள்ளி வேண்டும். உங்கள் காசை நல்ல இல்லுமினேட்டரில் (அகச்சிவப்பு டார்ச்சில்) போடுங்கள். புள்ளி எங்கே விழுகிறது என்று மட்டும்தான் லேசர் சொல்லும். அது பன்றி மேல் விழுகிறதா, பக்கத்துப் பண்ணைக்காரரின் கன்றுக்குட்டி மேல் விழுகிறதா என்பதை வெளிச்சத்தில் நீங்கள்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிய தெர்மல் ஸ்கோப்பில் லேசர் புள்ளியே தெரியவில்லை. பழுதா?

பழுது இல்லை. தெர்மல் பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் வரையிலான வெப்பக் கதிரை. உங்கள் லேசர் 0.85 மைக்ரான். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

லேசர் மாட்டியதிலிருந்து குறி தப்புகிறது. என்ன காரணம்?

எத்தனை கஜத்தில் ஜீரோ செய்தீர்கள், எத்தனை கஜத்தில் சுட்டீர்கள், லேசர் துப்பாக்கிக் குழலுக்கு மேலே இருக்கிறதா பக்கவாட்டிலா, எதையுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் ஊகம்தான் சொல்ல முடியும். லேசர் குழலுக்கு 2 அங்குலம் வலப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 கஜத்தில் புள்ளியும் தோட்டாவும் ஒரே இடத்தில் சேரும்படி திருகியிருந்தால், 100 கஜத்தில் புள்ளி 2 அங்குலம் இடப்பக்கம் போகும், 200 கஜத்தில் 6 அங்குலம். அது போக, தோட்டா வளைந்து இறங்கும், ஒளி நேரே போகும். ஆகவே இரண்டையும் இணைகோடாக ஜீரோ செய்யுங்கள். 2 அங்குல விலகல் எல்லாத் தூரத்திலும் 2 அங்குலமாகவே இருக்கும், மனதில் வைத்துக்கொள்ளச் சுலபம். மவுண்ட் திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு கண்காட்சியில் 25 டாலருக்குப் பச்சை லேசர் வாங்கினேன். நைட் விஷனில் பிரமாதமாகத் தெரிகிறது. எரிகிறதா என்று என் மகன் லென்ஸுக்குள் பார்த்துச் சொல்லிவிடுவான். எல்லோரும் ஏன் 1,000 டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்? (ஹூஸ்டன் பக்கம்)

விலையை அப்புறம் பேசலாம். மகன் லென்ஸுக்குள் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இந்தப் பகுதியில் நான் எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கடிதம் மறுபடி வந்துகொண்டே இருக்கிறது.

மலிவுப் பச்சை லேசரில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒன்று இருக்கும். அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆக்கும், அடுத்த படிகம் அதை 532 பச்சையாக்கும். மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க முனையில் ஒரு ஃபில்டர் வேண்டும். காசு மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் கைவைப்பது அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டில்தான். 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய ஆய்வகம், 10 மில்லிவாட் என்று விற்கப்பட்ட பச்சைப் பேனா லேசர் ஒன்றை அளந்து பார்த்தது. பச்சை மங்கலாக வந்தது. கூடவே ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பு வெளியே வந்துகொண்டிருந்தது.

கண்ணுக்குத் தெரியும் ஒளி என்றால் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும். அகச்சிவப்புக்கு இமை மூடாது. கண்ணின் லென்ஸ் அதையும் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் வெந்துபோனது அப்போதைக்குப் புரியாது. குளிரில் இந்த லேசர்களில் பச்சை மங்கும். ‘பேட்டரி போய்விட்டதோ’ என்று அப்போது உள்ளே எட்டிப் பார்ப்பவருக்குத்தான் பெரிய ஆபத்து.

இரண்டு வருடம் முன்பு ஒரு கண்காட்சி மேசையில் இப்படி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஓரம் உரிந்த ஸ்டிக்கரில் ‘5 மில்லிவாட்’ என்று மட்டும் இருந்தது. அலைநீளம் இல்லை, தயாரிப்பாளர் பெயர் இல்லை. பத்தடி தள்ளி நிறுத்திய அட்டையில் வெறும் கண்ணுக்குப் பட்டாணி அளவு பச்சைப் புள்ளி, சுத்தமாக. பி.வி.எஸ்.-14 வழியாகப் பார்த்தால், அதே புள்ளியைச் சுற்றித் தட்டகலத்துக்கு வெளிறிய தீற்றல்கள், ஒரு பக்கம் வால் மாதிரி இழுத்துக்கொண்டு. நல்ல லேசரைச் சுற்றியும் டியூபில் (நைட் விஷனுக்குள் ஒளியைப் பெருக்கும் குழாயில்) லேசான ஒளிவட்டம் இருக்கும்தான்; ஆனால் இப்படிக் கோணலாகச் சிதறாது. ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்றார் விற்றவர். பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் அதே மாதிரி லேசரைத் தங்கை முகத்தில் அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்கள் 1,000 டாலர் கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பொதுமக்களுக்குச் சுட்டிக்காட்டவும் குறி பார்க்கவும் விற்கும் லேசரில் கண்ணுக்குத் தெரியும் ஒளி 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. அகச்சிவப்பு என்றால் கிளாஸ் 1 (ஆபத்து மிகக் குறைந்த வகை), ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே. கிளாஸ், அலைநீளம், தயாரிப்பாளர் பெயர் மூன்றும் லேபிளில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். எரிகிறதா என்று பார்க்கப் பளபளப்பில்லாத அட்டையில் அடித்து, அந்த அட்டையைப் போன் கேமராவில் பாருங்கள். அகச்சிவப்பு லேசரைக்கூடப் பல போன்கள் காட்டிவிடும். வேலை முடிந்ததும் மூடியைப் போடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள்.

940 நானோமீட்டர் லேசர் ‘யாருக்கும் தெரியாது’ என்றார்கள். என் ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) டியூபிலும் தெரியவில்லை!

ஜென் 3-இல் ஒளியை உணரும் காலியம் ஆர்சனைடு பூச்சு 900-ஐத் தாண்டினால் பெரும்பாலும் குருடு. அதற்கு 830 முதல் 850 வரை எடுங்கள். 940 டிஜிட்டல் ஸ்கோப்புக்குப் பரவாயில்லை.

ஜன்னல் வைத்த மர மேடையில் உட்கார்ந்து லேசரை எரித்ததும் படம் முழுக்க வெள்ளையாகிறது.

ஒளி ஜன்னல் சட்டத்திலோ, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் புல்லிலோ மோதுகிறது. ஓர் அடி தூரத்தில் இருக்கும் ஒரு புல் போதும், பின்னால் உள்ள பன்றி மறைந்துவிடும். லேசர் முனை ஜன்னலைத் தாண்டி வெளியே இருக்கட்டும், முன்னால் இருக்கும் கிளையை வெட்டிவிடுங்கள். தூசியும் பனிமூட்டமும் இருக்கும் இரவில் லேசர் வேண்டாம். கூட வருபவரின் டியூப் பக்கம் லேசரைத் திருப்பவே திருப்பாதீர்கள். ஒரு நொடியில் அழியாத கறை விழும், 3,000 டாலர் போச்சு. நடக்கும்போது மூடியைப் போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகவும்தான்.

பன்றிக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்களே, அப்படியே மானும் சுடலாமா?

கூடாது. 2019 முதல் டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதித்தால், காட்டுப்பன்றிக்கு வேட்டை உரிமம் தேவையில்லை. வெள்ளைவால் மானை இரவில் சுடுவது குற்றம்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். தம்பி தோட்டத்தில் பன்றித் தொல்லை. என் பி.வி.எஸ்.-14-ஐ எடுத்துப் போகலாமா?

கூடாது. பெட்டியில் வைத்து விமானம் ஏறினாலே அது ஏற்றுமதி. அமெரிக்க அரசின் அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. தம்பியை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

வேலை மாறி சான் ஹோசே போகிறேன். ஸ்கோப்பை ரைஃபிளிலிருந்து கழற்றி வைத்தால் போதுமா?

கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 468-ஆம் பிரிவைப் படியுங்கள். அகச்சிவப்பு ஒளியை வீசிப் பார்க்கும் துப்பாக்கி ஸ்கோப்பை வைத்திருப்பதே அங்கே குற்றம், மாட்டக்கூடியதாக இருந்தாலே போதும். லாரியில் ஏற்றும் முன் அங்கத்திய வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் டெக்சாஸிலேயே விற்றுவிட்டுப் போங்கள்.