ஊராட்சித் தேர்தலில் நிற்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த வாரம் என் கடலூர் அலுவலகத்துக்கு மகளுடன் வந்திருந்தபோது, அவர் தண்ணீர் குடிக்க எழுந்து சென்ற இடைவெளியில் "இவளைத் தேர்தலில் நிற்க விடலாமா?" என்று தாழ்ந்த குரலில் தாங்கள் கேட்ட கேள்விக்கு, நின்ற நிலையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பி.எஸ்சி. முடித்து குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண், ஊராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்றால் எந்தத் தகப்பனுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்பது தங்கள் சந்தேகம். அதனால்தான் மறுநாள் அவரைத் தனியாக வரச் சொல்லிப் பேசினேன். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் நிற்க வேண்டும் என்றதற்கு, "மக்களுக்குச் சேவை செய்யணும் சார்" என்றார். தேர்தலில் நிற்கும் எல்லோரும் சொல்லும் பதில் அது என்பதால், மேலே பேசாமல் காத்திருந்தேன். பிறகு பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். தங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்த நாள், நேரம், எத்தனை குடம் நிரம்பியது என்பதையெல்லாம் மூன்று மாதமாகக் குறித்து வைத்திருக்கிறார். மோட்டார் பழுதான நாள்களுக்குச் சிவப்பு மையில் கோடு. டேங்க் ஆபரேட்டர் சொன்ன காரணம் பக்கத்திலேயே பென்சிலில். தூண்டுதலால் வருகிறவர்கள் இவ்வளவு மெனக்கெடுவதை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் அவரே ஒப்புக்கொண்டார். கிராம சபையில் எழுந்து வரவு செலவுக் கணக்கைக் கேட்டபோது, "உட்காரும்மா" என்று யாரோ அதட்டியது இன்னும் அவருக்கு உறுத்துகிறது. நாலு பேர் தன்னை மதிக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. இவற்றைக் குறை என்று நான் கருதவில்லை. கோபமும் ஆசையும் சேராமல் பொதுவேலைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் "தோற்றால் அடுத்த கிராம சபைக்குப் போவீர்களா?" என்று கேட்டதும் வெகு நேரம் பேசாமல் இருந்தார். "போவேன்" என்று உடனே சொல்லியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இனித் தங்கள் கவலைகளுக்கு வருகிறேன். உள்ளாட்சியில் போட்டியிட 21 வயது நிறைந்திருந்தால் போதும், அவருக்கு 23. கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினர், தலைவர் ஆகிய இரு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால், கட்சி முத்திரை விழுந்துவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தலில் தலைவர் பதவி எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்படும் என்பது சுழற்சியைப் பொறுத்தது. ஆகவே அதை நம்பித் திட்டமிட வேண்டாம். முதல் முறை நிற்கிற பெண்ணுக்கு வார்டு உறுப்பினர் பதவியே ஏற்றது. செலவும் பகையும் குறைவு, தீர்மானப் பதிவேடு எழுதப்படும் விதத்தை உள்ளிருந்து கற்கலாம்.

ஆனால் அதில் கிடைக்கும் தொகையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. எனவே குரூப் 4 படிப்பை நிறுத்தக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அரசு வேலை கிடைத்தால் உறுப்பினர் பதவியை விட்டுவிட வேண்டியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தேர்தல் தகராறில் வழக்கு ஏதும் விழுந்தால் பின்னாளில் காவல்துறைச் சரிபார்ப்பில் அது இடறும். நிலத்தை அடகு வைத்தோ நகையை விற்றோ செலவு செய்வதாக இருந்தால், நானே வேண்டாம் என்பேன். அத்துடன், ஊராட்சி வேலையை ஒப்பந்தம் எடுப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது. தங்கள் மகள் பெயரில் தங்கள் மைத்துனர் எதையும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு அவரைத் தனியே அனுப்பாமல், தாங்களும் சென்று பின்வரிசையில் அமருங்கள். அவர் கணக்குக் கேட்கும்போது ஊர் என்ன சொல்கிறது, அவர் எப்படித் தாங்குகிறார் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அந்த நோட்டோடு இருவரும் மறுபடி வாருங்கள், மேற்கொண்டு பேசுவோம்.