எனக்குத் தெரிந்தது தோற்ற மரடோனாவைத்தான்

"சிறு வயதிலிருந்தே நீங்கள் கொண்டாடும் கால்பந்து வீரர் யார்? ஏன்?" என்பது கேள்வி.

அர்ஜென்டினாவின் மரடோனா. ஆனால் 1986-இல் மெக்சிகோவில் உலகக் கோப்பையைத் தூக்கிய மரடோனா இல்லை. அப்போது எனக்கு ஐந்து வயது, வீட்டில் டிவியும் கிடையாது. நான் பார்த்தது 1990 உலகக் கோப்பையில், இத்தாலியில், வீங்கிய கணுக்காலோடு ஆடியவரை.

மதுரை காமராசர் சாலைப் பக்கம் சித்தப்பா வீடு. கருப்பு வெள்ளை டிவி, தூர்தர்ஷன், படத்தில் பாதி புள்ளி. ஜூன் 24, ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்குப் பிரேசிலோடு ஆட்டம். பிரேசில்காரர்கள் அடித்த பந்து கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது. இவரோ நொண்டாத குறையாக நடந்துகொண்டிருந்தார்.

"இவரையா சித்தப்பா அம்புட்டுப் பெருசாச் சொன்னீங்க?"

"பொறுடா. பத்தாம் நம்பரையே பாரு."

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நடுக்களத்தில் பந்து கிடைத்தது. ஓடினார். பிரேசில் தடுப்பாட்டக்காரர்கள் மொத்தமும் அவரை நோக்கி வந்தார்கள். விழுகிற நேரத்தில், இடதுகால் ஆட்டக்காரர், வலது காலால் பந்தைத் தள்ளிவிட்டார். அங்கே அவர் அணியின் கனீஜியா தனியாக நின்றார். கோல், 1-0. அந்த ஒரு பாஸோடு பிரேசில் ஊருக்குப் போனது.

அப்போதெல்லாம் வண்டியூர் தெப்பக்குளம் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். குளம் முழுக்க கிரிக்கெட். நாங்கள் நாலு பேர் மட்டும் ஒரு ஓரத்தில் ரப்பர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தோம். விழுந்துகொண்டே வலது காலால் பாஸ் கொடுக்கப் பழகி முழங்காலைத் தேய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஜூலை 8, ரோமில் இறுதி ஆட்டம். அரையிறுதியில் இத்தாலியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், அதுவும் மரடோனா ஆடிவந்த நேப்பிள்ஸ் ஊரிலேயே. அந்தக் கோபத்தில் அர்ஜென்டினாவின் தேசிய கீதத்துக்கே சீட்டியடித்தது ரோம் கூட்டம். 85-வது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனிக்கு ஒரு பெனால்ட்டி, அவ்வளவுதான். பத்தாம் நம்பர் தேம்பித் தேம்பி அழுதது. ஆம்பளை அழக்கூடாது என்று சொல்லி வளர்த்த தெருவில் இருந்தவனுக்கு அது பெரிய அதிர்ச்சி. சித்தப்பா ஒன்றும் பேசாமல் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

1986-இல் இங்கிலாந்துக்கு எதிராகப் பாதி மைதானத்தைக் கடந்து ஓடிப் போட்ட கோலைக் கல்லூரி நாட்களில்தான் கேபிள் டிவியில் பார்த்தேன். தாத்தாவின் கல்யாண போட்டோவை முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது. அதே ஆட்டத்தில் கையால் தட்டிய கோல்? ஏமாற்றுதான், அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். 1991-இல் போதைப்பொருளால் தடை, 1994 உலகக் கோப்பையின் பாதியிலேயே ஊக்கமருந்தால் வெளியேற்றம். எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த அழுகையைப் பார்த்தவனுக்கு விட மனசு வரவில்லை.

2020 நவம்பர் 25 ராத்திரி மரடோனா இறந்த செய்தி வந்ததும் சித்தப்பாவுக்குத்தான் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்:

"அந்தக் கணுக்காலை வச்சுக்கிட்டு அன்னைக்கு ஆடிருக்கக் கூடாதுடா."