மிஸ் மார்க்கைத் தப்பாகக் கூட்டியிருந்தால் யாரிடம் கேட்பது?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே. போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்திருக்கிறீர்கள், மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் பிளஸ் டூ காமர்ஸ், இரண்டு பேரும் ஸ்டேட் போர்டு. மகளின் அரையாண்டு அறிவியல் தாளில் 61 என்று போட்டிருக்கிறது, நீங்கள் உட்கார்ந்து கூட்டினால் 68 வருகிறது. தமிழ்க் கட்டுரைக்கும் மார்க் குறைத்துவிட்டார்கள் என்று பிள்ளைக்கு மனக்குறை. உங்கள் அவர் நேரே பிரின்ஸிபாலிடம் போவோம் என்கிறார், மகளோ மிஸ் மனதில் வைத்துக்கொள்வார், போகவே வேண்டாம் என்று அழுகிறாள். மகனுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு, அங்கே இப்படி நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று உங்களுக்கு இன்னொரு பயம்.

நானும் இலங்கையிலிருந்து இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. வளசரவாக்கத்தில்தான் இருக்கிறோம், என் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கேதான் படித்தார்கள். பிரின்ஸிபாலிடம் இப்போது போக வேண்டாம். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். நாளைக்கே மகள் தாளை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போய்க் கேட்கட்டும். நீங்கள் இல்லை, அவள்.

அந்த மிஸ் எப்படித் திருத்தியிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இங்கே ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பது சாதாரணம், ஒரு அறிவியல் மிஸ் மூன்று நான்கு செக்‌ஷன் எடுப்பார், அரையாண்டு முடிந்ததும் அத்தனை கட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் கிறிஸ்துமஸ் லீவில் சமையலுக்கும் விருந்தாளிக்கும் நடுவில் திருத்தி, பள்ளி திறந்ததும் கொடுக்க வேண்டும். அப்படித் திருத்தும்போது ஒரு ஏழு மார்க் வினா கூட்டலில் விடுபட்டுப்போகும். உங்கள் பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்பதற்காக யாரும் செய்ததில்லை இது, இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு பரீட்சையிலும் நடப்பதுதான். தாளை வகுப்பில் கொடுக்கும்போதே பெரும்பாலான மிஸ்மார் "டோட்டல் சரியா இருக்கா பார்த்துக்கோங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு அது வெறும் பேச்சுக்குச் சொல்வதுபோலத் தெரியும். உண்மையில் அப்போது கேட்டால் நின்ற இடத்திலேயே திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

கேட்கப் போகும் முன் தாளை வடிவாகப் பாருங்கள். முன்பக்கத்தில் வினா எண் வாரியாக மார்க் போடும் கட்டம் இருந்தால், உள்ளே ஓரத்தில் போட்டிருக்கும் மார்க் ஒவ்வொன்றும் அந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். உங்கள் கணக்கில் ஏழு மார்க் இடிக்கிறது என்பதால் ஒரு நெடுவினா மொத்தமாக விடுபட்டிருக்க நல்ல வாய்ப்பு. அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் மகளுக்குப் பாதிப் பயம் போய்விடும், கையில் வினா எண்ணோடு போகிற பிள்ளைக்கு வாக்குவாதமே தேவைப்படாது. அடிஷனல் ஷீட் வாங்கியிருந்தால் அதையும் கடைசிப் பக்கம் வரை பாருங்கள், சிவப்பு மையே படாத பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று. என் மகளுக்குப் பத்தாம் வகுப்புக் காலாண்டில் சமூக அறிவியல் தாளில் இதுதான் நடந்தது. வரைபடத்தைத் தாளின் கடைசியில் நூலால் கட்டியிருந்தாள், அது மடங்கி அடிஷனல் ஷீட்டுக்குள் போய்விட்டது, சார் அதைப் பார்க்கவே இல்லை. மத்தியான இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "சார், மேப்புக்கு மார்க் போட்டிருக்கீங்களான்னு பார்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் நூலைப் பிரித்து, மேப்பை விரித்து, அங்கேயே நின்று திருத்தி, முன்பக்கத்து மொத்தத்தை அடித்து மாற்றி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அப்புறம் மார்க் நோட்டையும் எடுத்து அதிலும் மாற்றினார். இந்தக் கடைசி வேலையை மறக்காதீர்கள், தாளில் மாற்றியதோடு நின்றுவிட்டால் ரேங்க் கார்டில் பழைய மார்க்கே வரும்.

என் மகள் கேட்ட விதத்தையும் பாருங்கள். "நீங்கள் தப்பாகக் கூட்டிவிட்டீர்கள்" என்று தொடங்கினால் யாருக்கும் முகம் மாறும். "இந்த வினாவுக்கு மார்க் சேர்ந்திருக்கா பாருங்க மிஸ்" என்றால் அவர் தாளைத்தான் பார்ப்பார், பிள்ளையின் முகத்தை இல்லை. முழு வகுப்புக்கும் முன்னால் வேண்டாம், மணி அடித்த பிறகோ இடைவேளையிலோ கேட்கட்டும், தாள் கைக்கு வந்த அன்றோ அடுத்த நாளோ கேட்கட்டும். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோனால் மார்க் எல்லாம் ஏற்றி முடித்திருப்பார்கள். இன்னொன்று, தாளில் பேனா படவே கூடாது. வீட்டில் பிழையைப் பார்த்த ஆர்வத்தில் பிள்ளை ஒரு சொல்லைச் சேர்த்து எழுதிவிட்டால், கூட்டல் பிழையைக் கேட்கப் போன இடத்தில் விடையை மாற்றினாள் என்ற பேச்சு வந்துவிடும், அதைத் துடைப்பது மிகவும் கஷ்டம். நீங்கள் கூட்டிப் பார்ப்பதைத் தனித் தாளில் எழுதுங்கள்.

கூட்டிப் பார்க்கும்போது மிஸ் கூடுதலாகப் போட்டிருப்பது தெரிந்தால்? அதையும் போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். என் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். சில மிஸ்மார் குறைப்பார்கள், சிலர் "பரவாயில்லை, வைச்சுக்கோ" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அடுத்த தடவை அதே பிள்ளை குறைந்த மார்க்கைக் கேட்டுப் போகும்போது அவள் சொல்வதை உடனே நம்புவார்கள். பிள்ளைக்கும் தான் கேட்பது மார்க்குக்காக மட்டும் இல்லை என்பது தெளிவாகும்.

கட்டுரை விஷயம் வேறு. கூட்டல் பிழை பிழைதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. கட்டுரைக்கு எட்டில் ஐந்தா ஆறா என்பது திருத்துகிறவரின் மதிப்பீடு, அதில் நமக்குத் திருப்தி இல்லை என்பதால் மட்டும் அது பிழையாகிவிடாது. அங்கே மார்க்கைக் கூட்டச் சொல்லிக் கேட்காமல், "நான் எதை விட்டுவிட்டேன் மிஸ், அடுத்த தடவை எப்படி எழுதலாம்?" என்று கேட்பதுதான் பலன் தரும். நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாங்கள் டொராண்டோவை ரொறன்ரோ என்றும் டீச்சரை ரீச்சர் என்றும் எழுதிப் பழகியவர்கள், நாற்காலியைக் கதிரை என்றுதான் எழுத வரும், இங்கே அந்தச் சொற்களின்மேல் சிவப்பு வட்டம் விழும். ஈழத்துத் தமிழில் இது வழக்கம் என்று மகள் பணிவாக ஒரு தடவை சொல்லி வைக்கலாம், பல தமிழய்யாமார் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் பொதுத்தேர்வில் திருத்தப்போகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது, அதனால் பரீட்சைக்கு மட்டும் இங்குள்ளபடி எழுதப் பழகட்டும். வீட்டில் நம்முடைய தமிழையே கதைக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இப்போது உங்கள் அவருக்கு. மகள் கேட்டும் மிஸ் பார்க்க மறுத்தால், அல்லது பார்த்துவிட்டுக் காரணம் சொல்லாமல் அனுப்பிவிட்டால், அப்போது பெற்றோர் போகலாம். அப்போதும் முதலில் அந்த மிஸ்தான். டைரியில் இரண்டு வரி எழுதி நேரம் கேளுங்கள், இங்கே பல பள்ளிகளில் கேட் வாசலில் வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போக முடியாது, சொல்லாமல் போய் வெயிலில் நிற்பதுதான் மிச்சம். அடுத்தது கிளாஸ் டீச்சர், அதற்கும் பிறகுதான் பிரின்ஸிபால். நேரே மேலே போனால் ஏழு மார்க் வந்துவிடலாம், ஆனால் அந்த மிஸ்ஸிடம் மேலிடம் விளக்கம் கேட்டிருக்கும், வருடம் முடியும்வரை அதே வகுப்பில் உட்காரப் போகிறவள் உங்கள் மகள். தாளைப் படம் எடுத்து அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் மிஸ்ஸைத் திட்டுவதும் வேண்டாம், நாளைக்கு அவர் சொல்லிக்கொடுப்பதை அவள் எப்படி மனம்விட்டுக் கேட்பாள்?

மிஸ் மனதில் வைத்துக்கொள்வார் என்ற பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மரியாதையாகக் கேட்ட பிள்ளைமேல் வஞ்சம் வைத்தவரை என் பிள்ளைகள் படித்த காலத்தில் நான் பார்க்கவில்லை, அப்பா அம்மா வந்து சத்தம் போட்டதை மறக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மகன் விஷயத்துக்கு வருவோம். பொதுத்தேர்வில் தாளைத் திருத்துவது அவனுடைய பள்ளி இல்லை. பெயர் தெரியாமல் டம்மி எண் போட்டு, திருத்தும் முகாமில், அரசுத் தேர்வுகள் இயக்ககம் கொடுக்கும் விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவார்கள். உதவித் தேர்வாளர் திருத்த, கூர்ந்தாய்வாளர் விடுபட்டதா, கூட்டல் சரியா என்று பார்க்க, முதன்மைத் தேர்வாளர் அதற்கும் மேல். இத்தனை பேர் பார்த்தும் பிழை வரலாம் என்பதால்தான் விடைத்தாள் நகல், மறுகூட்டல் (மார்க்கை மறுபடி கூட்டிப் பார்ப்பது), மறுமதிப்பீடு (விடைகளையே மறுபடி திருத்துவது) என்று வழி வைத்திருக்கிறார்கள். மே மாதம் ரிசல்ட் வந்ததும் சில நாட்கள்தான் அவகாசம், பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மறுமதிப்பீடு வேண்டுமென்றால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கியே ஆக வேண்டும். அண்மை ஆண்டுகளில் ஒரு பாடத்துக்கு நகலுக்கு 275 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய், காமர்ஸ் பாடங்களில் மறுகூட்டலுக்கு 205 ரூபாய் என்று இருந்தது, உங்கள் வருடத்து அறிவிப்பில் ஒருமுறை சரிபாருங்கள். சி.பி.எஸ்.இ. போர்டின் விதிகள் வேறு, உங்கள் அண்டை வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்தால் அவர்கள் சொல்லும் விதிகளை நம் விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நகல் வந்ததும் கணக்குப்பதிவியல் மிஸ்ஸையோ சாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு விடைக்குறிப்போடு பாருங்கள். ஐந்து மார்க் கணக்கில் இருப்புநிலைக் குறிப்பு கடைசியில் டேலி ஆகாவிட்டாலும் இடையில் சரியாகச் செய்த படிகளுக்கு மார்க் உண்டு, அதைப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். கணக்குப்பதிவியல் போலச் செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90-க்குத்தான், மீதி 10 பள்ளி போடும் அகமதிப்பீடு, அதை நகலில் தேட வேண்டாம். எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிப்பது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். பொறியியலுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் (சேர்க்கை வரிசைக்கான மார்க்), அதில் அரை மார்க்கும் வரிசையில் பலரைத் தாண்டவைக்கும், மே மாதத்தில் எல்லாரும் மறுமதிப்பீடு என்று ஓடுவது அதனால்தான். பி.காம்முக்குப் பெரும்பாலும் மொழிப்பாடம் இரண்டையும் விட்டு மற்ற நான்கின் 400-ஐத்தான் பார்க்கிறார்கள். எனவே தமிழில் மூன்று மார்க் குறைந்தது என்று பணமும் நேரமும் செலவழிக்கும் முன் சேரப்போகும் கல்லூரியில் கேட்டுவிடுங்கள். முடிவு வரும்வரை கல்லூரி விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள், கையில் இருக்கும் மார்க்கோடு போடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பரீட்சை எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சி.பி.எஸ்.இ. வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்தில் உரிமை இந்தியக் குடிமக்களுக்கு என்றுதான் எழுதியிருக்கிறது, நம் பிள்ளைகள் கையில் இலங்கைப் பாஸ்போர்ட். நமக்கு நிச்சயமான வழி இயக்ககத்தின் நகல்தான், அதனால் அந்தச் சில நாள் அவகாசத்தைத் தவறவிடவே கூடாது.

பரீட்சைக்கு முன்பே மகனிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு விடைக்கும் வினா எண்ணைத் தெளிவாக எழுதட்டும், ஒரு விடையைப் பாதியில் விட்டு வேறு பக்கத்தில் தொடர்ந்தால் அங்கேயும் எண்ணை மறுபடி எழுதட்டும். கேள்வியே தப்பு என்று தோன்றினாலும் எண்ணைப் போட்டு முயன்று வைக்கட்டும், வினாத்தாளில் பிழை என்று பிறகு தெரிந்தால் முயன்றவர்களுக்கு மார்க் கொடுக்கச் சொல்வதுண்டு, வெற்றிடமாக விட்டவனுக்கு எதுவும் வராது.

நாளைக்கு மகள் கேட்டுவிட்டு வந்ததும் மிஸ் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். தயங்கினால் இன்றிரவே கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே மிஸ்ஸாக உட்காருங்கள். மே மாதம் மகனின் ரிசல்ட் வந்த அன்றே ஆறு பாட மார்க்கையும் எனக்கு அனுப்புங்கள், எதற்கு நகல் வாங்குவது என்று சேர்ந்து பார்ப்போம்.