குறையோடு இருக்கும்போதே காட்டலாமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மின்நூல் பற்றியவை. அதிலும் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்: வெளியிட முன்னம் எழுதியதை யாருக்காவது வாசிக்கக் கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படி? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இதையே ஆறுதலாகக் கதைப்போம்.

கேள்வி: ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 22 அத்தியாயம் என்று திட்டம், 14 முடிந்துவிட்டது. அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் நானே வெளியிட விருப்பம். இப்போதே நாலு பேருக்கு வாசிக்கக் கொடு என்று சிநேகிதி சொல்கிறாள். மாமாவோ, வேலை முடிய முன்னம் ஒருவருக்கும் காட்டாதே, கை நின்றுவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதும் சரி. மாமா சொல்வது இன்றைக்குச் சரி, சிநேகிதி சொல்வது இன்னும் சில மாதம் கழித்துச் சரி.

14ஆம் அத்தியாயத்தில் நிற்கும்போது ஒருவர் வந்து, அந்த அண்ணன் ஏன் இப்படிக் கதைக்கிறான் என்று கேட்டால் நீங்கள் 15ஐ எழுத மாட்டீர்கள், 3ஐத் திருத்தப் போவீர்கள், 3ஐத் திருத்தினால் 7 இடிக்கும், 7க்குப் போனால் முதல் அத்தியாயமே பிடிக்காமல் போகும். இப்படி நின்றுபோன நல்ல நாவல்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று இருக்கின்றன. அதனால் முதலில் 22ஐயும் முடியுங்கள், எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு கிழமை கொப்பியை மூடி வையுங்கள். பிறகு நீங்களே ஒருதரம் வாசித்து, உங்களுக்குத் தெரிகிற பிழைகளை எடுத்துவிடுங்கள். உங்களுக்கே தெரிந்த பிழையைச் சொல்வதற்காக இன்னொருவர் மினக்கெடக் கூடாது.

அதற்குப் பிறகு கட்டாயம் கொடுங்கள். எங்கள் ஊரில் ஒரு நூலைப் பற்றி மற்றவர்கள் வாய்திறப்பது பெரும்பாலும் வெளியீட்டு விழாவில்தான். மங்கல விளக்கு, வரவேற்புரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, நயப்புரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆய்வுரை செய்பவர் மினக்கெட்டு வாசித்து ஒரு உண்மையான பிழையைச் சொன்னாலும், புத்தகம் அச்சாகி மேசையில் அடுக்கியிருக்கும், எழுதியவருக்கு அந்தச் சொல்லால் இனி ஒரு பயனும் இல்லை. அச்சுப் புத்தகத்துக்காவது அச்சகத்தில் யாராவது புரூஃப் பார்ப்பார்கள். மின்நூலுக்கு அதுவும் இல்லை. நீங்கள் ஏற்றுகிற கோப்புத்தான் நூல், நீங்கள் பார்க்காமல் விட்டதை வாசகர்தான் முதன்முதலில் பார்ப்பார், அதுவும் காசு கொடுத்த பிறகு.

வெளியிட முன்னம் ஒருவர் முன்னால் வைப்பது எங்களுக்குப் புது வழக்கமும் இல்லை. தொல்காப்பியப் பாயிரத்தைப் பாருங்கள். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்ற அறிஞர் முன்னால் தொல்காப்பியர் தன் நூலை வைத்ததைச் சொல்லும் இடத்தில் ‘அரில்தபத் தெரிந்து’ என்று வருகிறது. குற்றம் நீங்கும்படி ஆராய்ந்து என்று பொருள். இப்படி நூலை அவை முன் வைப்பதற்கான அரங்கேற்றம் என்ற சொல்லை இன்றைக்குக் கைதட்டும் சடங்கு என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டோம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வு பற்றிய என் நினைவுக் குறிப்புகளை மின்நூலாக்க முன்னம் ஐந்து பேருக்குக் கொடுத்தேன். அதில் ‘நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம்’ என்று ஒரு வரி. டொரொன்டோவில் பிறந்து வளர்ந்த என் பெறாமகள் பக்கத்தில் குறிப்பு வைத்திருந்தாள்: ‘சித்தி, போத்தலுக்குள் எப்படி விளக்கு எரியும்?’ அதே வரியைப் பற்றி ஊரிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இதெல்லாம் தெரிந்த கதை, விளக்கம் வைத்து நீட்டாதேங்கோ என்றார். ஒருவருக்கு விளங்கவில்லை, மற்றவருக்கு அலுப்பு. யாருக்காக எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அடிக்குறிப்பு போட மனம் வரவில்லை. கடைசியில் அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்:

‘ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் அம்மா மண்ணெண்ணெய் விடுவா. வெளிச்சம் ஒரு கொப்பிக்குத்தான் காணும். நான் ஒரு பக்கம் முடிக்க முதலே அண்ணா போத்தலைத் தன் பக்கம் இழுப்பான்.’

பெறாமகளுக்கு விளங்கியது. ஆசிரியர் போன் எடுத்து, அந்தப் போத்தல் இழுபறி எங்கள் வீட்டிலும் நடந்தது என்று அரை மணித்தியாலம் கதைத்தார். இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் கொடுத்திருந்தால் இந்த மூன்று வரியும் வந்திருக்காது.

இன்னொன்று. ஒக்டோபர் 30 இரவைப் பற்றி எழுதும்போது ‘எல்லோரும் நாவற்குழிப் பாலத்தைத்தான் கடந்தோம்’ என்று எழுதிவிட்டேன். வாசித்த அக்கா ஒருவர் அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ‘நாங்கள் கோப்பாயால் கைதடிக்குப் போனோம்’ என்று மட்டும் எழுதியிருந்தா. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் அப்படியே வெளிவந்திருந்தால், அந்த இரவு முழுக்க நடந்த ஒரு மனுசியின் பாதையை என் புத்தகம் இல்லை என்று சொல்லியிருக்கும். அதை நினைக்க இன்றைக்கும் நெஞ்சு திக்கென்கிறது.

சரி, யாருக்குக் கொடுப்பது? ஐந்து அல்லது ஆறு பேர் போதும். அம்மாவுக்கும் கணவருக்கும் அன்பாகக் கொடுங்கள், ஆனால் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் வகை நாவலைத் தேடி வாசிக்கிற இருவர், வாசிப்புப் பழக்கம் குறைந்த ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், கதை நடக்கும் இடத்தையோ தொழிலையோ நேரில் தெரிந்த ஒருவர். கதையில் மீன்பிடி வந்தால் கடலுக்குப் போன ஒருவர் வாசிக்கத்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

கொடுக்கும்போது ‘எப்படி இருக்கு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘நல்லா இருக்கு’ என்ற பதில்தான் வரும். எந்த இடத்தில் வைத்துவிட்டு எழும்பினீர்கள், எந்தப் பந்தியை இரண்டு தரம் வாசிக்க வேண்டி வந்தது, யாருடைய பெயர் யாரோடு குழம்பியது, அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், இப்படிக் கேளுங்கள். மூன்று பேர் 9ஆம் அத்தியாயத்தில் எழும்பியிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் திருத்தம் மூன்று விதமாக இருக்கும், அதை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. சட்டை கைக்குழியில் இறுக்குது என்று போட்டவர் சொன்னால் நம்பத்தான் வேண்டும், எந்தத் தையலைப் பிரிப்பது என்பது தைத்தவர் வேலை.

திகதி ஒன்றும் சொல்லிக் கொடுங்கள். மூன்று கிழமை தாராளம். திகதி இல்லாமல் கொடுத்தால் தைப்பொங்கல் வந்து சித்திரை வருசமும் வந்துவிடும். அவர்கள் சொல்லும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: மறுத்துக் கதைக்காதீர்கள். நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிய அந்த நிமிடத்தில் அவர் சொல்ல வந்த மிச்சம் நின்றுபோகும்.

கேள்வி: என் நாவலின் 30 அத்தியாயங்களையும் முகநூலில் தொடராகப் போட்டேன், நல்ல வரவேற்பு. இப்போது அதையே கிண்டில் நூலாக்கலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: ஆக்கலாம் தம்பி, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிண்டில் நூலை நாங்களே ஏற்றும் அமேசானின் கேடிபி தளத்தில் ‘செலக்ட்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் 90 நாளைக்கு உங்கள் நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது, இலவசமாகக்கூட இருக்கக்கூடாது. மாதிரிக்கு 10 வீதம் வரை வைக்கலாம். 30 அத்தியாயமும் முகநூலில் திறந்து கிடக்க அதில் சேர்ந்தீர்கள் என்றால் விதியை மீறியதாகும். சேராமலும் வெளியிடலாம், ஆனால் இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 வீத ரோயல்டி வேண்டுமென்றால் செலக்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35தான். தமிழ் நூலுக்கு இந்தியாவில் வாசகர் நிறைய, அதனால் இது சின்ன விஷயம் இல்லை. நானென்றால் முதல் இரண்டு மூன்று அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துவிடுவேன். எடுக்க முன்னம் கீழே வந்த கருத்துகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள், உங்கள் முதல் வாசகர்களின் சொல் அது.

நாலைந்து பேருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்பி வாசிக்கச் சொல்வது வேறு. எல்லோரும் திறந்து பார்க்கும்படி போடுவதுதான் சிக்கல்.

கேள்வி: வெளியிட முன்னம் கொடுத்தால் யாராவது களவெடுத்துத் தங்கள் பெயரில் போட்டுவிட மாட்டார்களா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: பயம் விளங்குகிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய அந்தக் கணத்திலிருந்தே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதிய வேண்டியதில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் அது நிற்கும். நடைமுறைக்கு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் பெயரையும் திகதியையும் போடுங்கள், அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். கூகுள் டொக்ஸில் எழுதினால் எந்த நாள் என்ன மாற்றினீர்கள் என்ற வரலாறு அதிலேயே இருக்கும், கொடுக்கும்போது கருத்து மட்டும் எழுதலாம் என்ற அனுமதியோடு கொடுங்கள். வட்ஸப் குழுவில் மட்டும் போடாதீர்கள். குழுவில் போட்டது எங்கே போய் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

கேள்வி: மூன்று பேருக்கு அனுப்பினேன். மூன்று பேரும் போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரிகிறது என்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், கரவெட்டி

பதில்: பாமினியில் தட்டியிருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் தட்டச்சுப் பழகிய எல்லோருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. பாமினி என்பது எழுத்துரு மட்டும்தான், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத போனில் தமிழ் தெரியாது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மின்நூலுக்கும் யுனிகோடுதான் வேண்டும், எனவே இன்றைக்கு மாற்றினால் அந்த வேலையும் முடிந்தது. மாற்றிய பிறகு ஒருதரம் முழுதாக வாசியுங்கள், இடையில் ஆங்கிலச் சொல்லோ மேற்கோள் குறியோ இருந்த இடங்கள் குழம்பியிருக்கும். பிடிஎஃப் வேண்டாம், போனில் எழுத்தைப் பெருப்பித்தால் வரி வெளியே ஓடும். ஈபப் கோப்பாகக் கொடுத்தால் வாசிப்பவர் தனக்கு வசதியான அளவில் வாசிப்பார்.

கேள்வி: மின்நூலை எப்ப வேண்டுமானாலும் திருத்தி ஏற்றலாம்தானே? பிறகு எதற்கு முன்கூட்டி வாசிப்பு?
– வாசகர், நல்லூர்

பதில்: ஏற்றலாம். ஆனால் ஏற்கெனவே வாங்கியவருடைய கருவியில் புதிய கோப்புத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. தானியங்கிப் புதுப்பிப்பை அவர் வைத்திருக்க வேண்டும். அதைவிட, பிழைக்காக அவர் போட்ட இரண்டு நட்சத்திரம் கோப்பை மாற்றினாலும் அப்படியே நிற்கும். முன்கூட்டி வாசித்தவர்களைக் கூப்பிட்டு ஐந்து நட்சத்திரம் போடுங்கோ என்று கேட்கவும் வேண்டாம். இலவசப் பிரதி கொடுப்பதை அமேசான் தடுக்கவில்லை, அதற்குப் பதிலாக மதிப்புரை கேட்பதைத் தடுக்கிறது. வீட்டு ஆட்களின் மதிப்புரையையும் ஏற்காது.

கேள்வி: நான் மதிக்கும் ஒருவருக்கு என் கதைகளை அனுப்பினேன். ‘இதில் ஒன்றும் இல்லை, விட்டுவிடு’ என்று ஒரே வரியில் பதில். இரண்டு மாதமாக ஒரு வரி எழுத முடியவில்லை.
– வாசகி, மானிப்பாய்

பதில்: பிள்ளை, அந்த ஒரு வரியில் உங்கள் கதை இல்லை. எந்தக் கதை, எந்தப் பக்கம், எந்த இடத்தில் அலுத்தது என்று அதில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்றும் இல்லாத சொல்லைக் கொண்டு எந்த வரியையும் திருத்த ஏலாது, அதனால் அதை வைத்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. நொந்தது உண்மை, இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததும் பிழையில்லை. ஆனால் உங்கள் கதைகளை ஒருவர்தான் வாசித்திருக்கிறார், இன்னும் நாலு பேர் வாசிக்க இருக்கிறது. அந்த நாலில் ஒருவராக நான் இருக்கிறேன். ஒரு கதையை மட்டும், உங்களுக்குப் பிடித்ததை, இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். அதை வாசித்துவிட்டு எந்த இடத்தில் எழும்பினேன், எந்த வரியைத் திரும்ப வாசித்தேன் என்று பக்கத்திலேயே எழுதி, அடுத்த இதழ் வர முன்னம் உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன்.