மனைவியின் போனைத் திறக்கச் சொன்னால்

கேள்வி: மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் செல்போன் சர்வீஸ், டேட்டா ரிக்கவரி கடை வைத்திருக்கிறேன். டிஜிட்டல் தடயவியல் படிப்பும் முடித்திருக்கிறேன். விவாகரத்து வழக்கு நடத்தும் ஒருவர் மனைவியின் போனைக் கொண்டுவந்து, வாட்ஸ்அப் உரையாடல்களை எடுத்து ‘நமக்குச் சாதகமா’ அறிக்கை கேட்கிறார். கோர்ட் சான்றிதழிலும் கையெழுத்துப் போட வேண்டுமாம். கேஸ் ஜெயித்தால் கூடுதல் பணம் என்கிறார். செய்யலாமா?

பதில்: இந்த ஏற்பாட்டில் செய்யாதீர்கள்.

முதல் சிக்கல் அனுமதி. போன் பில் தன் பெயரில் இருக்கிறது என்று கணவர் காட்டலாம். அந்தப் போனுக்குள் இருக்கும் கணக்கு மனைவியுடையது. அந்தத் தகராறைத் தீர்க்க வேண்டியவர் நீங்கள் அல்ல. அனுமதியின்றித் தகவலை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரும்; நேர்மையற்ற நோக்கமும் இருந்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. மனைவியின் அழைப்புப் பட்டியலைக் கணவர் எடுத்துத் தாக்கல் செய்த பரமக்குடி வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024-இல் அந்தரங்க உரிமையை மீறிப் பெற்ற சான்றை ஏற்க மறுத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்ததை ஏற்கலாம் என்றது உண்மைதான். ஆனால் அது தானும் பங்கேற்ற பேச்சு. மேலும், சான்று செல்லுமா என்பது வேறு, அதை எடுத்துக் கொடுத்தவர் மேல் வழக்கு வருமா என்பது வேறு. மனைவியின் எழுத்துபூர்வ சம்மதம் அல்லது குடும்ப நீதிமன்ற உத்தரவு, இரண்டில் ஒன்று வரட்டும். கணவருடைய வக்கீலிடம் அதைச் சொல்லுங்கள்.

உத்தரவு வந்த பிறகு அதில் உள்ள எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு எண்ணுடனான மூன்று மாத உரையாடல் என்றால் அதோடு சரி. கேலரிப் பக்கம் போக வேண்டாம்.

போனை வாங்கும்போதே ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), சிம், மெமரி கார்டு, கீறல்கள், நேரம், கொடுத்தவர் கையெழுத்து எல்லாம் பதிவாக வேண்டும். ஆன் நிலையில் வந்தால் அணைக்காதீர்கள். திரும்ப ஆன் செய்து கடவுக்குறியீடு போடும்வரை பெரும்பாலான தகவல் பூட்டியே இருக்கும். ஃபிளைட் மோடில் போடுங்கள். பல போன்களில் அப்போதும் வைஃபை ஓடிக்கொண்டிருக்கும், தனியாகப் பார்த்து அணைக்க வேண்டும். நீங்கள் தொட்ட ஒவ்வொரு பட்டனும் குறிப்பில் இருக்கட்டும்.

குறுக்கு விசாரணையில் அடிவாங்கும் இடம் ஹேஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற மதிப்பு. ஓடும் போனில் தகவல் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரே போனை இரண்டு முறை எடுத்தால் ஹேஷ் பொதுவாக ஒத்துப்போகாது. எனவே எடுத்த கோப்புக்கு உடனே எஸ்ஹெச்ஏ-256 முறையில் ஹேஷ் போட்டு, மூலப்படியைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அடுத்தது நேரம். வாட்ஸ்அப் தரவுத்தளம் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருப்பது) வைத்திருக்கும். 5.30 மணி கூட்ட மறந்தால், அதிகாலை 3 மணிச் செய்தி முந்தின நாள் இரவு 9.30 என்று அறிக்கையில் ஏறிவிடும். விவாகரத்து வழக்கில் அந்த ஒரு வரி போதும், ஒருவர் பெயரைக் கெடுக்க.

பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ‘அ’ பகுதி தரப்பினருக்கு, ‘ஆ’ பகுதி நிபுணருக்கு. ஹேஷ் மதிப்பும் முறையும் அதில் எழுதப்பட வேண்டும். கட்சிக்காரர் தானே எடுத்துவந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு ‘ஆ’ பகுதியில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கணக்கிடாத ஹேஷுக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது. படிப்புச் சான்றிதழ் வேறு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு அறிவிக்கும் மின்னணுச் சான்று ஆய்வாளர் தகுதி வேறு. தமிழ்நாட்டுக்கு அப்படிப் போதிய நிபுணர்களை அறிவிக்கும்படி மதுரைக் கிளை அந்தப் பரமக்குடி வழக்குத் தீர்ப்பிலேயே உத்தரவிட்டது. உங்கள் தகுதி எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

‘சாதகமா’ என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்சிக்காரருக்குப் பாதகமாகக் கிடைத்ததும் அறிக்கையில் வர வேண்டும். ‘இந்தப் போனிலிருந்து இச்செய்தி போயிருக்கிறது’ என்று எழுதலாம். ‘மனைவி அனுப்பினார்’ என்று எழுதக் கூடாது. விரல் யாருடையது என்று தரவுத்தளம் சொல்லாது. கட்டணம் வேலைக்கு மட்டும், முன்கூட்டியே, ரசீதோடு. ஜெயித்தால் பங்கு என்று ஒப்புக்கொண்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு கேள்வியே தேவைப்படாது.

வேலை நடுவில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் படம் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நகல் எடுக்காமல், யாருக்கும் காட்டாமல், போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். போனை என்ன செய்வது என்பதை அவர்கள் சொல்வார்கள். கட்சிக்காரர் கேட்டாலும் அதற்குமுன் திருப்பிக் கொடுக்காதீர்கள்.