குரங்கு கையில் ஒரு கடலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன மாசம் குடும்பத்தோட அழகர்கோயில் போயிருந்தோம். நூபுரகங்கை போற வழியில ஒரு குரங்கு என் பையன் கையில இருந்த வறுகடலைப் பொட்டலத்தைப் பறிச்சுக்கிட்டு சுவர் மேல ஏறிடுச்சு. அவன் அழல, நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். அது பொட்டலத்தைக் கிழிச்சு, சிதறின கடலையை ஒவ்வொண்ணா ரெண்டு விரலால பொறுக்கி, உள்ளங்கையில தேச்சு வாயில போட்டுக்கிச்சு. "அம்மா, கட்டைவிரலை மத்த விரலோட சேக்கறது மனுஷனால மட்டும்தான் முடியும்னு ஸ்கூல்ல சொன்னாங்களே, அப்ப இது எப்படி எடுக்குது?"ன்னு கேக்குறான். கூட வந்த எங்க மாமனார், "குரங்குக்குப் பிடிக்கத்தான் தெரியும், விடத் தெரியாது, அதனாலதான் பானைக்குள்ள கையை விட்டு மாட்டிக்குது"ன்னு சொன்னார். ரெண்டுல எது சரின்னு எனக்குத் தெரியல. கொஞ்சம் விளக்கமா எழுதினீங்கன்னா அவனுக்கு வாசிச்சுக் காட்டுவேன்.

செல்வி, மதுரை

அன்புள்ள செல்வி,

உங்க பையன் சரியாத்தான் பாத்திருக்கான். நம்ம ஊர் கோயில்கள்ல இருக்கிற நாட்டுக் குரங்குக்குக் கட்டைவிரல் இருக்கு, அது திரும்பி மத்த விரலைத் தொடவும் செய்யும். ரெண்டு குரங்கு உக்காந்து பேன் பாக்கறதைப் பாருங்க, ஒரு கை முடியை ஒதுக்கிப் பிடிச்சிருக்கும், இன்னொரு கையோட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து தோல்ல ஒட்டியிருக்கிற துளியூண்டு பொருளைக் கிள்ளி எடுக்கும். மனுஷனால மட்டும்தான் முடியும்னு சொல்றது அதனால தப்பு. மனுஷன் அளவுக்கு நல்லா வராதுன்னு வேணா சொல்லலாம், அதுவும் பாதிதான் உண்மை, ஏன்னா கட்டைவிரலை மட்டும் வச்சு இந்த விஷயத்தைப் பேசினா எங்கயோ போய் முட்டிக்கும்.

எப்படின்னா, நமக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் சிம்பன்சி, ஆனா அதோட கட்டைவிரல் குட்டை, மத்த நாலு விரலும் நீளம். கிளையில தொங்கறதுக்கு அந்த நீள விரல் கொக்கி மாதிரி உதவும், நுனியும் நுனியும் சேத்துப் பிடிக்கறதுக்குத்தான் தோதுப்படாது. 1960ல ஆப்பிரிக்காவுல, தான்சானியாவோட கோம்பே காட்டுல, ஜேன் குடால்ங்கிற ஆராய்ச்சியாளர் சிம்பன்சி கரையான் புத்துக்குள்ள புல்லை விட்டுக் கரையானை எடுக்கறதைப் பாத்தாங்களே, அந்தப் புல்லை அது பெரும்பாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலோட பக்கவாட்டுக்கும் நடுவுலதான் பிடிக்கும், நாம பூட்டுல சாவியைத் திருப்பறப்ப பிடிக்கிறோமே அந்தப் பிடி. ஆனா எத்தியோப்பியா மலைமேட்டுல கெலாடான்னு ஒரு குரங்கு இருக்கு, உறவு முறையில நமக்கு இன்னும் தள்ளி, நாள் பூரா தரையில உக்காந்து புல்லைத்தான் பிடுங்கித் தின்னுக்கிட்டிருக்கும். அதோட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நம்ம கை மாதிரியே நல்லா பொருந்தும், ஒரு புல் இதழைத் தனியா கிள்ளற அளவுக்கு. தென் அமெரிக்காவுல ஸ்பைடர் மங்கிக்கு வெளிய தெரியற மாதிரி கட்டைவிரலே கிடையாது, வால் நுனியில முடி இல்லாத சொரசொரப்பான தோல் இருக்கு, அதாலயே கிளையைச் சுத்திப் பிடிச்சுக்கும். கை எப்படி இருக்குங்கிறது சொந்தத்தை வச்சு இல்ல, பொழப்பை வச்சுதான்.

நம்ம கையில தனியா என்ன இருக்குன்னு பையனுக்குக் காட்டணுமா, மத்த விரலை அசைக்காம கட்டைவிரலோட நுனிக் கணுவை மட்டும் மடக்கி நீட்டச் சொல்லுங்க. அதுக்குன்னே முன்கையில ஒரு தனித் தசை இருக்கு, இன்னொரு கையை முன்கை மேல வச்சா உள்ள லேசா ஓடறது தெரியும். நாட்டுக் குரங்குக்கு அந்தத் தசை தனியா பிரியல, எல்லா விரலையும் மடக்கற பொதுத் தசையில இருந்துதான் கட்டைவிரலுக்கும் ஒரு நாண் போகுது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமா படறது நரம்பு. 1968ல லாரன்ஸ், கைப்பர்ஸ்னு ரெண்டு பேர் மக்காக் குரங்குகள்ல ஒரு சோதனை பண்ணாங்க. மக்காக்னா நம்ம நாட்டுக் குரங்கோட இனம்தான். மூளையோட மேல் பகுதியில இருந்து தண்டுவடத்துக்கு நேரா இறங்குற நரம்புக் கட்டு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் வெட்டிட்டாங்க. படிக்கறப்ப மனசு கஷ்டப்படும், அந்தக் குரங்குகளுக்கு நாம பட்ட கடன் இதுன்னு நினைச்சுதான் நான் இதை ஒவ்வொரு தடவையும் சொல்றேன். குரங்குங்க தேறி வந்துச்சு, ஓடுச்சு, கூண்டுக் கம்பியில ஏறுச்சு, கம்பியை இறுக்கிப் பிடிக்கறதுல குறையே இல்ல. ஆனா சின்னக் குழிக்குள்ள வச்ச தீனித் துண்டை விரலால எடுக்க முடியல. விரல் தனித்தனியா அசையறது போச்சு, அஞ்சும் ஒண்ணா மூடும் ஒண்ணா திறக்கும், அவ்ளோதான். கட்டைவிரல், எலும்பு, தசை எல்லாம் இருந்த இடத்துலயே இருந்துச்சு, அப்பயும் அந்த நுனிப்பிடி திரும்பி வரல.

உங்க மாமனார் சொன்னதுக்கும் அதே சோதனையில ஒரு பதில் இருக்கு. எப்படியோ கை முழுசா மூடி தீனியைப் பிடிச்ச குரங்கு அதை விடறதுக்குத் திணறுச்சு, வாயை வச்சு நெம்பித்தான் கையில இருந்து எடுக்க வேண்டியிருந்துச்சு. அதே குரங்கு கம்பியில ஏறறப்ப ஒரு பிடியை விட்டு அடுத்த பிடிக்குச் சுலபமா போகுது. அதாவது ஏறறதுக்கு விடறது வேற, தின்றதுக்கு விடறது வேற, ரெண்டுக்கும் நரம்பு வழி ஒண்ணு இல்ல. நல்லா இருக்கிற குரங்குக்கு விடத் தெரியாதுங்கிறது வெறும் கதை, நாய் குரைச்சா கையில இருக்கிறதைப் போட்டுட்டு மரமேற எவ்ளோ நேரம் ஆகுது? பொதுவா பிடிக்கிறதைத் திறமைன்னும் விடறதை ஒண்ணுமில்லாததுன்னும் நினைக்கிறோம், ஆனா சரியான நேரத்துல சரியா விடறதுக்கும் மூளை வேலை செய்யணும். கைக்குழந்தையைப் பாத்திருப்பீங்களே, பிறந்த அன்னிக்கே உள்ளங்கையில விரலை வச்சா இறுக்கிப் பிடிச்சுக்கும், பொருளைத் தானா நீட்டிக் கொடுத்து விடறதுக்கு ஒரு வயசு கிட்ட ஆகிடும். அந்த முதல் நாள் பிடிதான் குரங்குக் குட்டி தாயோட வயித்தைப் பிடிச்சுக்கிட்டே போகுமே அந்தப் பிடி, குட்டி தாயைப் பிடிச்சுக்கிற மாதிரி பக்தன் கடவுளைப் பிடிச்சுக்கணும்னு வைஷ்ணவத்துல மர்க்கட நியாயம்னு சொல்றதும் இதை வச்சுதான். நம்ம குழந்தைக்குப் பிடிச்சுக்க அம்மா உடம்புல ரோமம் இல்ல, பிடி மட்டும் இன்னும் இருக்கு.

அடுத்தது தோல். ஸ்வீடன்ல யோஹான்சன், வெஸ்ட்லிங்னு ரெண்டு பேர் 1984ல ஒரே பொருளுக்குப் பட்டுத்துணி, மெத்துன்னு இருக்கிற தோல், உப்புத்தாள்னு வேற வேற மேல்பரப்பு ஒட்டி ஆட்களைத் தூக்கச் சொன்னாங்க. வழுக்குறதை இறுக்கமாவும் சொரசொரப்பானதை லேசாவும் விரல் தானாவே பிடிக்குது, நழுவாம இருக்கறதுக்கு எவ்ளோ வேணுமோ அதுக்கு மேல கொஞ்சம் மட்டும். லேசா நழுவ ஆரம்பிச்சா பத்துல ஒரு பங்கு செகண்டுக்குள்ள பிடி இறுகிடுது, நமக்கு நழுவினதே தெரியாது. விரல் நுனியை மரத்துப்போகப் பண்ணிட்டா இந்தக் கணக்கு தப்பிடும், சும்மா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருப்போம், தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சி எடுத்து உரசறதே பெரிய பாடாயிடும்.

மதுரையில இருக்கறவங்களுக்கு இதுக்கு நல்ல உதாரணம் கண்ணு முன்னாடியே இருக்கு, பூ கட்டுறவங்க கை. மடியில மல்லி மொட்டைக் குவிச்சு வச்சுக்கிட்டு, இடது கை விரல் நுனியில ரெண்டு மொட்டு இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம்னு காம்பைச் சேத்துப் பிடிச்சு, வலது கையால நாரைச் சுத்தி முடிச்சு போட்டு இழுப்பாங்க. கொஞ்சம் அழுத்தினா காம்பு நசுங்கும், கொஞ்சம் விட்டா மொட்டு உருவிக்கும், இதுக்கு நடுவுல யார்கிட்டயாவது பேசிக்கிட்டும் இருப்பாங்க, கண்ணு பூ மேலயே இருக்காது. அந்தக் கையை ஒரு அஞ்சு நிமிஷம் பையனைப் பக்கத்துல உக்காந்து பாக்கச் சொல்லுங்க. கையில வச்சிருக்கிற பொருளை அதே கையாலயே நகத்தி, திருப்பி, விரல் நுனிக்குக் கொண்டு வர்ற வேலை சிம்பன்சிக்கும் கொஞ்சம் வரும், இவ்ளோ லாவகமா வராது.

கையே இல்லாமயும் இதெல்லாம் நடக்குது. கோயில் யானை நீங்க நீட்டற நாணயத்தைத் துதிக்கை நுனியால எடுத்துப் பாகன் கையில கொடுக்குமே, அந்த நுனியில நம்ம ஊர் யானைக்கு ஒரே ஒரு விரல் மாதிரி நீட்டம், ஆப்பிரிக்க யானைக்கு ரெண்டு. ஒத்தை விரல்னால நம்ம யானை கிள்ளறதை விட அடிப்பக்கத் தோலோட சேத்து அழுத்திதான் பெரும்பாலும் எடுக்கும், பெரிய பொருளைச் சுருட்டி எடுக்கும். உள்ள ஒரு எலும்பு கூட கிடையாது, முழுக்கத் தசை. அமெரிக்காவுல ஜார்ஜியா டெக்ங்கிற பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2021ல எழுதினதுல ஒரு ஆப்பிரிக்க யானை சின்னச் சின்னக் காய்த் துண்டுகளை மூச்சை உறிஞ்சி இழுத்து எடுத்ததையும், மெல்லிசான மக்காச்சோள சிப்ஸைக் கூட உறிஞ்சிப் பிடிச்சுத் தூக்கினதையும் காட்டியிருக்காங்க.

நம்ம பக்கத்துல இன்னொருத்தர் தேவாங்கு. கரூர், திண்டுக்கல் எல்லையில கடவூர் காட்டை 2022ல தேவாங்கு சரணாலயமா அரசு அறிவிச்சது எனக்கு ரொம்ப சந்தோஷம், மாந்திரீகம் மருந்துன்னு சொல்லி அதைப் பிடிச்சுப் பாழாக்கினது கொஞ்சநஞ்சமில்ல. அதுக்கு ஆள்காட்டி விரல் சிறுத்துப் போயிருக்கும், அதனால கட்டைவிரல் ஒரு பக்கமும் மத்த விரல் எதிர்ப்பக்கமுமா கை அகலமா விரிஞ்சு கிளையை இடுக்கி மாதிரி கவ்விக்கும். கை கால்ல ரத்தக் குழாய்ங்க ஒண்ணோட ஒண்ணு பின்னின மாதிரி போகுது, ரொம்ப நேரம் அசையாம பிடிச்சிருக்கறதுக்கு அது உதவுதுன்னு சொல்றாங்க.

அடுத்த லீவுல முடிஞ்சா வால்பாறை போய்ட்டு வாங்க. புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரமாவே சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, இருக்கும், அதுவும் மக்காக்தான், மரப்பட்டை இடுக்குல விரலை விட்டுப் பூச்சியைத் தேடி எடுக்கும். அதே மலைக்காட்டுல கருமந்தின்னு இன்னொரு குரங்கும் உண்டு, அதுக்குக் கட்டைவிரல் குட்டை, இலைதான் முக்கியமான சாப்பாடு, நாலு விரலால கிளையை வளைச்சு இழுத்துக் கொத்தா தின்னும். ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா பையனுக்கு நான் எழுதினதை விட நல்லா புரியும். பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க, தின்பண்டம் மட்டும் வெளிய எடுக்காதீங்க.

அன்புடன்